வரி 1, நெடுவரிசை 48214: சுருக்கிய ஜாவாஸ்கிரிப்டிலிருந்து மூல வரிக்கு

பிழைப் பதிவில் இருந்தது இவ்வளவுதான்: அண்டிஃபைன்டிலிருந்து 'ரேட்' என்ற பண்பை வாசிக்க முடியவில்லை, ஆப்.ஜேஎஸ், வரி 1, நெடுவரிசை 48214. அந்தக் கோப்பு முழுக்க ஒரே வரி. உள்ளே மாறிகளின் பெயர்கள் எல்லாம் ஓரெழுத்து. தேடியது கூடை.டிஎஸ் கோப்பின் 87ஆம் வரி என்று கடைசியில் தெரிந்தது. அதற்கு முன் சோர்ஸ் மேப் (சுருக்கிய கோப்பின் ஒவ்வோர் இடமும் மூல நிரலில் எந்த வரி என்று சொல்லும் துணைக் கோப்பு) இரண்டு தவறான பதில்களைக் கொடுத்துவிட்டது. இரண்டுமே கோப்புப் பெயர், வரி எண் எல்லாம் போட்டு, சரியான பதில் போலவே வந்தன. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த இரண்டு தவறான பதில்களைப் பற்றியது.

பில்ட் நடக்கும் வரிசையை முதலில் சொல்லிவிடலாம். டைப்ஸ்கிரிப்டில் எழுதிய சிறிய பில்லிங் செயலி. ஈஎஸ்பில்ட் அதன் கோப்புகளை எல்லாம் சேர்த்து ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக, அதாவது பண்டிலாக்குகிறது. டெர்சர் அந்தப் பண்டிலைச் சுருக்குகிறது. பிறகு டிப்ளாய் ஸ்கிரிப்ட் கோப்பின் தலையில் ஒரு பதிப்புக் குறிப்பை ஒட்டி சர்வருக்கு அனுப்புகிறது. ஈஎஸ்பில்டும் டெர்சரும் தனித்தனியே மேப் எழுதுகின்றன. ஒட்டும் ஸ்கிரிப்ட் எதுவும் எழுதுவதில்லை. கோளாறு அங்கேதான் இருக்கும் என்று இதைப் படிக்கும்போதே சிலர் ஊகித்திருப்பார்கள். பாதி சரி.

கருவிகளுக்குச் செலவு எதுவும் இல்லை. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு 20, மேப்பில் இடம் தேட டிரேஸ்-மேப்பிங் என்ற நூலகம், மேப்புகளைக் கோக்க ரீமேப்பிங் என்ற இன்னொரு நூலகம். மூன்றும் இலவசம். இடச்செலவு மட்டும் உண்டு: மூல நிரல் முழுவதும் மேப்புக்குள் அடங்கியிருந்தால், சுருக்கிய கோப்பைவிட மேப் பல மடங்கு பெரிதாவது சாதாரணம்.

மேப்புக்குள் என்ன இருக்கிறது

அது ஒரு ஜேசான் கோப்பு. 'வெர்ஷன்' என்ற இடத்தில் 3 இருக்கும். இந்த மூன்றாம் வடிவம் 2011இல் கூகுள், மொசில்லா பொறியாளர்கள் எழுதியது. 2024 டிசம்பரில் ஈசிஎம்ஏ-426 என்ற முறையான தரமாகவும் ஆனது. 'சோர்சஸ்' என்பது மூலக் கோப்புகளின் பட்டியல். 'சோர்சஸ்கண்டென்ட்' அந்தக் கோப்புகளின் முழு உரை. 'நேம்ஸ்' சுருக்கும் முன் இருந்த பெயர்கள். 'மேப்பிங்ஸ்' என்பதுதான் முக்கியம், கண்ணால் பார்த்தால் குப்பை போலத் தெரியும் நீளமான எழுத்துச்சரம்.

அதை ஒருமுறையாவது கையால் பிரித்துப் பார்ப்பது பின்னால் மிகவும் உதவும். அரைப்புள்ளி வந்தால் வெளியீட்டுக் கோப்பில் அடுத்த வரி. காற்புள்ளி வந்தால் அதே வரியில் அடுத்த துண்டு. ஒரு துண்டில் ஒன்று, நான்கு அல்லது ஐந்து எண்கள் இருக்கும்: வெளியீட்டு நெடுவரிசை, எந்த மூலக் கோப்பு, மூல வரி, மூல நெடுவரிசை, பெயரின் இடம். எல்லாமே முந்தைய மதிப்பிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கு. வெளியீட்டு நெடுவரிசை மட்டும் ஒவ்வொரு புதிய வரியிலும் 0க்குத் திரும்பும். மற்ற நான்கும் கோப்பின் கடைசி வரை தொடர்ந்து கூடிக்கொண்டே போகும். அதனால் நடுவில் ஒரு துண்டை எடுத்து அது எந்த வரி என்று சொல்ல முடியாது, தலையிலிருந்து கூட்டி வர வேண்டும்.

எண்களை எழுத்தாக்கும் முறை: பெரிய ஆங்கில எழுத்து ஏ முதல் இசட் வரை 0 முதல் 25. சிறிய எழுத்துகள் 26 முதல் 51. இலக்கங்கள் 52 முதல் 61. கூட்டல் குறி 62, சாய்கோடு 63. எண்ணின் முதல் எழுத்தில் கடைசி பிட் கூட்டலா கழித்தலா என்பதைச் சொல்லும். மதிப்பு 32 அல்லது அதற்கு மேல் என்றால் எண் அடுத்த எழுத்திலும் தொடர்கிறது என்று பொருள். உதாரணமாக எஸ், ஏ, ஏ, எஸ், ஏ என்று ஒரு துண்டு. எஸ் 18ஆம் இடம், கடைசி பிட்டை நீக்கினால் 9. ஆக வெளியீட்டில் 9 எழுத்து தள்ளி, அதே கோப்பு, அதே வரி, மூலத்திலும் 9 எழுத்து தள்ளி, பெயர்ப் பட்டியலில் அதே இடம். 'ஃபங்ஷன்' என்ற சொல் ஆங்கிலத்தில் 8 எழுத்து, அதோடு ஓர் இடைவெளி. அந்தத் துண்டு ஃபங்ஷனின் பெயர் தொடங்கும் இடத்தைக் காட்டுகிறது.

ஓரெழுத்தில் 15 வரைதான் அடங்கும். 16க்கு இரண்டு எழுத்து: சிறிய ஜி, பெரிய பி. இந்த 16 பின்னால் வரும்.

முதல் பதில்: பண்டில்.ஜேஎஸ்

டிரேஸ்-மேப்பிங் கொண்டு பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். மேப்பைப் படித்து, வரி, நெடுவரிசை கொடுத்தால் மூல இடம் வரும். கவனிக்க வேண்டிய ஒன்று எண்ணத் தொடங்கும் இடம். குரோம் பிழைச் செய்தியில் வரியும் நெடுவரிசையும் 1இல் தொடங்கும். டிரேஸ்-மேப்பிங் வரியை 1இலிருந்தும் நெடுவரிசையை 0இலிருந்தும் எண்ணும். மொசில்லாவின் பழைய சோர்ஸ்-மேப் நூலகமும் அப்படியே. நோடின் உள்ளமைந்த சோர்ஸ்மேப் வகுப்பிலோ 'ஃபைண்ட்என்ட்ரி' இரண்டையும் 0இலிருந்து எண்ணும், புதிய பதிப்புகளில் உள்ள 'ஃபைண்ட்ஆரிஜின்' இரண்டையும் 1இலிருந்து எண்ணும். ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. எல்லாப் பெயரும் ஓரெழுத்தாக இருக்கும் கோப்பில் ஒரு நெடுவரிசை தள்ளினாலே அடுத்த துண்டுக்குள் விழுந்துவிடும், அது வேறொரு மாறியாக இருக்கும். ஆகவே 48214 அல்ல, 48213 கொடுக்க வேண்டும்.

கொடுத்ததும் வந்த பதில்: பண்டில்.ஜேஎஸ், நான்கு இலக்க வரி எண். பெயர்கள் படிக்கும்படி இருந்தன, ஆனால் டைப்ஸ்கிரிப்ட் கோப்பு எதையும் காணோம். மேப்பின் 'சோர்சஸ்' பட்டியலைப் பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. டெர்சர் தனக்குக் கிடைத்த கோப்பையே மூலம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்புக்கும் ஒரு மேப் உண்டு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. டெர்சரின் சோர்ஸ் மேப் அமைப்பில் 'கண்டென்ட்' என்ற விருப்பம் இதற்குத்தான் இருக்கிறது. அதில் முந்தைய மேப்பைக் கொடுத்தால் இரண்டையும் கோத்து ஒரே மேப்பாக எழுதும். எத்தனை கட்டங்கள் இருந்தாலும் விதி இதுதான்: ஒவ்வொரு கட்டமும் முந்தைய மேப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

நல்லவேளையாக ஈஎஸ்பில்ட் எழுதிய மேப் அழிக்கப்படாமல் இருந்தது. அதனால் மறுபடி பில்ட் செய்யத் தேவைப்படவில்லை, ரீமேப்பிங் நூலகமே இரண்டையும் கோத்துவிட்டது. வரிசையாகக் கொடுக்கும்போது கடைசியில் நடந்த மாற்றத்தின் மேப் முதலில் வர வேண்டும்: டெர்சருடையது முன், ஈஎஸ்பில்டுடையது பின். கோத்த மேப்பின் 'சோர்சஸ்' பட்டியலில் எல்லா டிஎஸ் கோப்புகளும் வந்துவிட்டன.

கோக்கும்போது நடுவில் ஒரு மேப் கரடுமுரடாக இருந்தால் முழுச் சங்கிலியும் அந்த அளவுக்கே துல்லியமாக இருக்கும். வெப்பேக் என்ற இன்னொரு பண்டில் கருவியின் 'சீப்' வகை மேப்புகள் வரியை மட்டுமே குறிக்கும், நெடுவரிசை இராது. வளர்ச்சிப் பணிக்கு அது போதும். வெளியீட்டுக் கோப்பு முழுக்க ஒரே வரியாகச் சுருங்கும் இடத்தில் அதனால் பயனில்லை.

இரண்டாவது பதில்: விலை.டிஎஸ், வரி 41

கோத்த மேப்பில் அதே எண்ணைக் கொடுத்தால் விலை.டிஎஸ், வரி 41 என்று வந்தது. அங்கே தொகையை இரண்டு தசம இடத்துக்கு மாற்றும் வரி இருக்கிறது. பில்லிங் செயலியில் பிழை வரக்கூடிய இடம்தான், பார்த்தால் பொருத்தமாகவே தெரியும். ஆனால் பிழைச் செய்தி 'ரேட்' என்ற பண்பைப் பற்றிப் பேசுகிறது, அந்த வரியில் 'ரேட்' என்ற சொல்லே இல்லை.

மேப் எப்போதும் ஏதாவது ஒரு பதிலைத் தந்துவிடும். கேட்ட நெடுவரிசையில் துண்டு எதுவும் தொடங்கவில்லை என்றால், அதற்கு இடப்பக்கம் உள்ள அருகிலுள்ள துண்டை எடுத்துக்கொள்ளும். கோப்பு மாறியிருக்கிறது, பதிப்பு மாறியிருக்கிறது என்று எச்சரிக்க அதற்கு எந்த வழியும் இல்லை. மூன்றாம் வடிவத்தில் ஜேஎஸ் கோப்பை அடையாளம் காட்டும் சரிபார்ப்பு எண் (செக்சம்) எதுவும் கட்டாயமாகச் சேர்க்கப்படுவதில்லை. எனவே கிடைத்த வரியில் பிழைச் செய்தியின் சொல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. இல்லை என்றால் மூல நிரலில் நேரம் செலவிடாமல் சுருக்கிய கோப்பின் பக்கம் திரும்ப வேண்டும்.

அங்கே 48213ஆம் இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க முனைகிறபோது தமிழ் இடைமுகம் உள்ள செயலிகளுக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. லினக்ஸில் 'கட்' கட்டளையைப் பயன்படுத்தி நெடுவரிசையை வெட்டி எடுப்பது பலரின் பழக்கம். அது பெரும்பாலான நிறுவல்களில் பைட்டைத்தான் எண்ணுகிறது. சோர்ஸ் மேப்பும் பிழைச் செய்தியும் ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துகளை எண்ணும் யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகின்றன. 'மொத்தம்' என்ற சொல் கண்ணுக்கு 4 எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 7 அலகு, வட்டில் 21 பைட். அந்த ஒரு லேபிளே 14 இடம் தள்ளிவிடும். திரைக்கான சொற்கள் முப்பது நாற்பது இருந்தால் பார்க்கும் இடம் முற்றிலும் வேறு. ஈஎஸ்பில்ட் தன் இயல்பில் தமிழ் எழுத்துகளை பேக்ஸ்லாஷ்-யூ குறியீடாக மாற்றி எழுதுவதால் அதன் வெளியீட்டில் இந்தச் சிக்கல் தெரியாது. டெர்சர் 'ஆஸ்கி_ஒன்லி' கேட்காதவரை அவற்றை மீண்டும் தமிழாகவே எழுதிவிடும். எனவே நோடில் கோப்பைச் சரமாகப் படித்து, 'ஸ்லைஸ்' கொண்டு முன்னும் பின்னும் 60 எழுத்து எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

பில்ட் கோப்புறையில் இருந்த ஆப்.ஜேஎஸ் கோப்பில் அப்படிப் பார்த்தால் 'ரேட்' அந்த இடத்தில் இல்லை, சற்று இடப்பக்கம் இருந்தது. சர்வரில் இருந்து கர்ல் மூலம் இறக்கிய கோப்பில் மிகச் சரியாக 48213இல் இருந்தது. இரண்டுக்கும் ஷா256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) போட்டால் வேறு வேறு. 'ரேட்' இருக்கும் இடங்களின் வித்தியாசம் 16.

டிப்ளாய் ஸ்கிரிப்ட் ஒட்டிய பதிப்புக் குறிப்பின் நீளம் அதுதான். அதன் முடிவில் புதிய வரி இல்லை. புதிய வரி இருந்திருந்தால் தொல்லை குறைவு: பிழை வரி 2 என்று வந்திருக்கும், மேப்பில் வரி 2 இல்லாததால் நூலகம் வெறுமையைத் திருப்பியிருக்கும், உடனே விழித்திருக்கலாம். ஒரே வரியில் ஒட்டியதால் ஒவ்வொரு நெடுவரிசையும் சத்தமில்லாமல் 16 தள்ளிப்போனது.

திருத்தம்

இரண்டு வழி. ஒன்று, கேட்கும்போதே 16 கழித்து 48197 என்று கேட்பது. ஒரு பிழைக்கு அது போதும். இன்னொன்று, மேப்பையே திருத்துவது. எல்லாம் நகர்வுக் கணக்கு என்பதால் இங்கே மாற்ற வேண்டியது முழு மேப்பிலும் ஒரே ஓர் எண். முதல் வரியின் முதல் துண்டு ஏ என்ற எழுத்தில் தொடங்கியது, அதாவது நெடுவரிசை 0. அந்த ஒரு ஏவை எடுத்துவிட்டு சிறிய ஜி, பெரிய பி என்ற இரண்டு எழுத்தை வைத்தால் நெடுவரிசை 16. பின்னால் வரும் ஆயிரக்கணக்கான துண்டுகள் தாமாகவே 16 நகர்ந்துவிடும். முதல் துண்டு 0இல் தொடங்காவிட்டால் இருக்கும் எண்ணோடு 16ஐக் கூட்டி எழுத வேண்டும். குறிப்புக்குப் பின் புதிய வரி இருக்கும் கோப்பானால் இன்னும் எளிது: சேர்ந்த ஒவ்வொரு வரிக்கும் மேப்பிங்ஸின் தலையில் ஓர் அரைப்புள்ளி.

திருத்திய மேப்பில் மறுபடி 48213: கூடை.டிஎஸ், வரி 87. சலுகை இல்லாத பொருளுக்கும் சலுகையின் விகிதத்தை வாசிக்கும் வரி. நிரலில் திருத்த வேண்டியிருந்தது ஒரு கேள்விக்குறி மட்டுமே.

பிழையோடு வரும் ஸ்டாக் டிரேஸ் என்பது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல், அதன் ஒவ்வொரு வரியும் ஒரு சட்டகம். அதன் மற்ற வரிகளையும் மாற்றிப் பார்த்ததில் இரண்டு விஷயம் கவனிக்கத் தக்கவை. மேப் தரும் பெயர் அந்த இடத்தில் உள்ள சொல்லின் பெயர், அந்த வரி எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்பதன் பெயர் அல்ல. எனவே இரண்டாம் சட்டகத்துக்குக் கிடைக்கும் பெயர் உண்மையில் முதல் சட்டகத்து ஃபங்ஷனின் மூலப் பெயர், ஏனென்றால் அழைப்பு நடந்த இடத்தில் இருப்பது அழைக்கப்பட்டவரின் பெயர்தானே. ஒரு படி தள்ளிப் படித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஓரிடத்தில் மட்டும் அழைக்கப்படும் சிறிய ஃபங்ஷனை டெர்சர் அழைப்பிடத்திலேயே கரைத்துவிடலாம். அப்போது டிரேஸில் ஒரு சட்டகம் குறையும், வரி எண் மட்டும் கரைந்த ஃபங்ஷனின் மூல இடத்தையே காட்டும். மேப்பில் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

மேப் இல்லாமல் போயிருந்தால் பழைய பதிப்பை மறுபடி பில்ட் செய்து மேப் எடுக்கலாம், ஆனால் வரும் ஜேஎஸ் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும். நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் கருவியில் அந்தப் பதிப்புக்குப் போய், என்பிஎம் இன்ஸ்டால் அல்லாமல் என்பிஎம் சிஐ போட வேண்டும். லாக் கோப்பில் உள்ள அதே டெர்சர், அதே ஈஎஸ்பில்ட் வர அதுதான் வழி. பில்ட் நேரத்தை நிரலுக்குள் பதிக்கும் பழக்கம் இருந்தால் இது கெட்டுவிடும். ஷா256 ஒப்பிடும் முன் கடைசி வரியில் இருக்கும் 'சோர்ஸ்மேப்பிங்யூஆர்எல்' குறிப்பை இரண்டிலும் நீக்க வேண்டும், அது ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் இருக்கலாம்.

பில்டில் மாற்றியவை

டெர்சர் கட்டமே போய்விட்டது. ஈஎஸ்பில்டுக்கே 'மினிஃபை' என்ற சுருக்கும் விருப்பம் உண்டு, டைப்ஸ்கிரிப்டிலிருந்து சுருக்கிய கோப்பு வரை ஒரே தாவல், ஒரே மேப். டெர்சர் இன்னும் சில பைட் கூடுதலாகக் குறைக்கும் என்பது உண்மைதான். இந்த அளவுச் செயலிக்கு அது பொருட்டல்ல. பதிப்புக் குறிப்பும் ஈஎஸ்பில்டின் 'பேனர்' விருப்பத்துக்குப் போய்விட்டது. அது ஒட்டும் எழுத்துகளை மேப்பிலும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். டெர்சரையே வைத்திருப்பவர்கள் குறிப்பை முன்கட்டத்தில் ஒட்டுவதானால் சாய்கோடு, நட்சத்திரம், ஆச்சரியக்குறி என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் டெர்சர் அதைத் துடைத்துவிடும்.

டிப்ளாய் முடிந்ததும் ஒரு சோதனை ஓடுகிறது. மூல நிரலில் ஒரே ஒருமுறை வரும் பிழைச் சரங்கள் மூன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறது: பண்டிலின் தலை, நடு, வால் பகுதிகளில் ஒவ்வொன்று. சர்வரில் இருந்து இறக்கிய கோப்பில் ஒவ்வொன்றின் இடத்தையும் 'இண்டெக்ஸ்ஆஃப்' மூலம் எடுத்து, மேப்பில் கேட்டு, கிடைத்த மூல வரியில் அதே சரம் இருக்கிறதா என்று பார்க்கும். 'லாஸ்ட்இண்டெக்ஸ்ஆஃப்' வேறு இடத்தைக் காட்டினால் அந்தச் சரம் இரண்டு இடத்தில் இருக்கிறது, வேறொன்றைத் தேட வேண்டும். மூன்றும் தவறினால் தலையில் ஏதோ சேர்ந்திருக்கிறது. தலை சரியாக இருந்து வால் மட்டும் தவறினால் நடுவில் ஏதோ ஒரு சொல் மாற்றப்பட்டிருக்கிறது; ஏபிஐ முகவரியை டிப்ளாய் நேரத்தில் தேடி மாற்றும் ஸ்கிரிப்டுகளின் வழக்கமான கைவரிசை. மூன்று சரங்களுக்கு இடையே பாதி பாதியாகத் தேடினால் இடம் அகப்பட்டுவிடும்.

மேப்பை எங்கே வைப்பது என்பதும் இதோடு முடிவானது. உலாவி, டெவ்டூல்ஸ் திறக்காதவரை மேப்பை இறக்குவதில்லை, எனவே பயனருக்குச் சுமை இல்லை. ஆனால் 'சோர்சஸ்கண்டென்ட்' உள்ள மேப் பொது இடத்தில் கிடந்தால் கமெண்டுகள் உட்பட மூல நிரல் முழுவதும் வெளியில் கிடக்கிறது. வெப்பேக்கின் 'ஹிட்டன்-சோர்ஸ்-மேப்', வீட் என்ற பில்ட் கருவியின் 'ஹிட்டன்', ஈஎஸ்பில்டின் 'எக்ஸ்டர்னல்' ஆகியவை ஜேஎஸ் கோப்பின் அடியில் உள்ள சுட்டியை மட்டுமே நீக்கும். மேப் அதே கோப்புறையில் இருந்தால் ஆப்.ஜேஎஸ் என்ற பெயரோடு புள்ளி மேப் சேர்த்து யாரும் கேட்டுப் பார்க்கலாம், கிடைத்துவிடும். அனுப்பும் முன் கோப்புறையிலிருந்து மேப்பை நகர்த்தும் வரி ஸ்கிரிப்டில் தனியாக இருக்க வேண்டும்.

நகர்த்திய மேப்புகள் ஜேஎஸ் கோப்பின் ஷா256ஐயே பெயராகக் கொண்டு, உள் சேமிப்பகத்தில் கிஜிப் முறையில் சுருக்கப்பட்டுக் கிடக்கின்றன. உலாவியில் பார்க்க வேண்டுமானால் குரோம் சோர்சஸ் பலகத்தில் சுருக்கிய கோப்பைத் திறந்து, வலது சொடுக்கி, சோர்ஸ் மேப் சேர்க்கும் விருப்பத்தில் உள்ளூர்க் கோப்பின் முகவரியைக் கொடுத்தால் போதும். பழைய மேப்புகளை உடனே அழிக்கக் கூடாது. கடையில் பில் போடும் கணினியில் உலாவித் தாவல் நாள்கணக்கில் மூடப்படாமல் திறந்தே இருக்கும், முந்தைய பதிப்பின் பிழைகள் புதிய பதிப்பு வந்த பின்னும் வந்துகொண்டிருக்கும்.